துணி வடிவமைப்பும் உயர்கல்வியே

பரீட்சை முடிவுகள் வெளிவரும் காலத்தில் எம்மவர் இல்லங்களில் எழும் வினா பெரும்பாலும் ஒன்றே: மருத்துவமா, பொறியியலா, கணக்கியலா? இம்மூன்றிலும் அடங்காத ஒரு விருப்பத்தைப் பிள்ளை வெளியிட்டால் வீட்டின் அமைதி குலைகிறது. அவ்வாறு சொல்லத் தயங்கும் துறைகளுள் ஒன்று துணி வடிவமைப்பு. "துணியில் பூப் போடுவதற்குப் பல்கலைக்கழகம் எதற்கு?" என வினவும் பெற்றோருக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துணி வடிவமைப்பு என்பது ஆடை தைக்கும் கலை அன்று. ஆடையாகவோ, திரைச்சீலையாகவோ, வாகன இருக்கையின் உறையாகவோ மாறவிருக்கும் துணியையே உருவாக்கும் கல்வி அது. பிரித்தானியாவில் செல்சி கலைக் கல்லூரி, லஃபரோ பல்கலைக்கழகம், கிளாஸ்கோ கலைக் கல்லூரி முதலியவை இதற்குப் பெயர்பெற்றவை. நெசவு, அச்சு, பின்னல் என்பன இதன் முதன்மைப் பிரிவுகள். நெசவு பயில்வோர், பாவும் ஊடையும் எந்த ஒழுங்கில் மேலும் கீழும் செல்ல வேண்டும் எனக் கட்டத்தாளில் கணக்கிடல் வேண்டும். அச்சுப் பயில்வோர், பருத்திக்கு ஏற்ற சாயம் செயற்கை இழைக்கு ஏன் பற்றாது என்பதை அறிதல் வேண்டும். ஓவியத்தோடு கணிதமும் வேதியியலும் இங்கே கைகோத்து நிற்கின்றன.

பிரெஞ்சு நாட்டவரான ஜக்கார்ட், 1804ஆம் ஆண்டளவில் துளையிட்ட அட்டைகளால் இயங்கும் தறியை அமைத்தார். பின்னாளில் சார்ள்ஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கு அந்த அட்டை முறையையே எடுத்தாண்டார். பிள்ளை கணினி கற்பது கண்டு பெருமிதம் கொள்ளும் நாம், கணினியின் முன்னோருள் தறியும் ஒன்று என்பதை மறத்தலாகாது. மருத்துவத்தையே பெரிதெனக் கருதுவோருக்கும் ஒரு செய்தி உண்டு. 1950களில் அமெரிக்க அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி, பழுதுற்ற இரத்தக் குழாய்க்கு மாற்றாக டேக்ரான் துணியைத் தையல் இயந்திரத்தில் குழாயாகத் தைத்தார். அதனைத் தையலின்றிப் பின்னும் வழிகாண, பிலடெல்பியாவிலிருந்த துணியியற் கல்லூரியின் துணையை அவர் நாடினார்.

இத்துறை எமக்கு அந்நியமானதும் அன்று. தமிழில் இழைக்கும் ஏட்டுக்கும் 'நூல்' என்பதே பெயர். நன்னூற் பாயிரம் நூல் இயற்றுதலை நூல் நூற்றலோடு ஒப்பிடுகிறது. சோழமண்டலக் கரையின் சாயத் துணிகளில் சிவப்பு நிறம் சாயவேரிலிருந்து பெறப்பட்டது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அவ்வேர் தோண்டியெடுக்கப்பட்டது. படிகாரம் இட்ட இடத்தில் மட்டுமே சிவப்பு நிலைக்கும் என்னும் நுட்பத்தை எம் முன்னோர் கைவரப் பெற்றிருந்தனர். அத்தகைய இந்தியத் துணிகளின் போட்டியைத் தாங்க இயலாமல், இங்கிலாந்து 1701இலும் 1721இலும் அச்சிட்ட பருத்தித் துணிகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. லண்டன் விக்டோரியா அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் அக்கரைத் துணிகள் இன்றும் பேணப்படுகின்றன.

புலம்பெயர்ந்தோருக்கு இத்துறையில் இடம் கிடைக்குமா எனச் சிலர் ஐயுறுவர். டிரினிடாட் தீவிலிருந்து 1950களின் தொடக்கத்தில் லண்டன் வந்த அல்தியா மக்னிஷ், கட்டடக்கலை பயிலக் கிடைத்த இடத்தை விடுத்து அச்சுக்கலையைத் தேர்ந்தார். 1957இல் அரச கலைக் கல்லூரியில் பட்டம் பெற்றதும் லிபர்ட்டி நிறுவனம் அவரிடம் வடிவங்களைக் கேட்டுப் பெற்றது. எசெக்ஸ் கோதுமை வயல் அவருக்குத் தம் தீவின் கரும்பு வயல்களை நினைவூட்டியது. அந்நினைவிலிருந்து பிறந்ததே 'கோல்டன் ஹார்வெஸ்ட்' என்னும் புகழ்பெற்ற துணி. இரண்டு மண்ணை அறிந்திருப்பது குறையன்று. வடிவமைப்பாளருக்கு அது முதலீடு.

எனினும் பெற்றோரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. வெறுங்கையோடு வந்து இரவு பகலாக உழைத்தவர்கள், தம் மக்களுக்கு உறுதியான வாழ்வை விரும்புவது இயல்பே. இத்துறையில் வருமானம் மருத்துவர்க்குப் போல் உறுதியானது அன்று, போட்டியும் கடுமையானது. ஆகவே மாணவச் செல்வங்களே, வேறு பாடங்கள் கடினம் என்பதற்காக இதனைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நாள்தோறும் வரையுங்கள். கணிதத்தையும் வேதியியலையும் கைவிடாதீர்கள். தொழிற்சாலைப் பயிற்சி அளிக்கும் பட்டப்படிப்பை நாடுங்கள். உங்கள் ஆர்வம் உண்மையானது என்பதற்குச் சொற்களைவிட உங்கள் வரைபுத் தொகுப்பே சிறந்த சான்று.

பெற்றோரே, "வேண்டாம்" என்று கூறுமுன் அத்தொகுப்பை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கோடைதோறும் கலைக் கல்லூரிகள் இறுதியாண்டு மாணவரின் படைப்புகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கின்றன. பிள்ளையோடு அங்கே செல்லுங்கள். அம்மாணவர்களிடம் அவர்களது உழைப்பைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் கேளுங்கள். அதன் பின்னர் எடுக்கும் முடிவு எதுவாயினும், அறிந்து எடுத்த முடிவாக அமையும். பிள்ளையும் அதனை மதிக்கும்.