யன்னலா, கண்ணாடிச் சுவரா?

யாழ்ப்பாணத்தில் இன்று வீட்டை விரித்துக் கட்டுவோர் பெரும்பாலும் யன்னல் வாங்குவதில்லை, கண்ணாடி வாங்குகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல என்று சொல்வதற்கு ஒரு கட்டுரை தேவைப்படுகின்ற காலத்துக்கு நாம் வந்து சேர்ந்திருக்கிறோம். யன்னல் என்பது திறப்பதற்கானது. வெயிலைத் தடுத்து, காற்றை அனுமதித்து, மழை வரும்போது சாத்தப்பட்டு, கள்ளனுக்குக் கம்பியையும் காற்றுக்கு வழியையும் ஒரே நேரத்தில் காட்டுவது அதன் தொழில். இந்தத் தொழில்களுள் ஒன்றையேனும் ஒழுங்காகச் செய்யாத ஒரு பொருளை, யன்னல் என்ற பெயரில், சதுர அடிக் கணக்கில் நாம் காசு கொடுத்து வாங்கி வருகின்றோம்.

எங்கள் வீட்டின் பின்புறத்தில் இரண்டு அறைகளைக் கூட்டிக் கட்டுவதென்று தீர்மானித்தபின், ஆறு யன்னல்களுக்கும் மூன்று கதவுகளுக்கும் விலை கேட்டு நான்கு கடைகளில் ஏறி இறங்கினேன். நான்கு கடைகளிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இரண்டே: மொத்தம் எத்தனை சதுர அடி? நிறம் வெள்ளையா, மண்ணிறமா? அறை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து காற்று வரும், கூரையின் தாழ்வாரம் எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது, அந்த அறையில் யார் படுப்பார் என்ற கேள்விகளும் இல்லை. அரை நூற்றாண்டுக்கு முன் ஓர் ஓடாவியார் நிலை வைக்க வந்தால் முதலில் வளவைச் சுற்றி நடப்பார். இன்று அளவு நாடாவுடன் வருகின்ற இளைஞர் சுவரிலுள்ள ஓட்டையை மாத்திரம் அளக்கிறார்.

கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். நான்கடி உயரமும் ஐந்தடி அகலமுங் கொண்ட யன்னலின் பரப்பு இருபது சதுர அடி. இரண்டு கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும் வகையைச் சேர்ந்ததாயின், எவ்வளவு இழுத்தாலும் திறக்கக்கூடியது பாதிதான். சட்டத்தின் தடிப்பையும் கழித்தால் பத்துச் சதுர அடிக்குங் குறைவு. ஆக, இருபதுக்குக் காசு வாங்கிக்கொண்டு பத்துக்கும் குறைவாகக் காற்றுத் தருகின்ற வியாபாரம் இது. இரட்டைச் சிறகு வைத்து வெளிப்புறமாகத் திறக்கின்ற பழைய மர யன்னல் ஏறக்குறைய முழு அளவுக்கும் திறக்கும். திறந்த சிறகு பக்கவாட்டில் வீசும் காற்றையும் மறித்து உள்ளே திருப்பும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசுகின்ற குடாநாட்டில், அந்தக் காற்றைக் காசில்லாமல் வாங்குவதற்கு இதைவிட எளிய உபாயம் கிடையாது.

வெயிலின் கதை இன்னும் மோசம். நாம் பூமத்திய ரேகையிலிருந்து பத்துப் பாகைக்கும் குறைவான தூரத்தில் வாழ்கின்றோம். நண்பகல் சூரியன் தலைக்கு மேலே நிற்பதால், வடக்கு, தெற்குச் சுவர்களை ஓரளவு நீண்ட தாழ்வாரமே காப்பாற்றிவிடும். பிற்பகலில் மேற்கே சரிகின்ற சூரியன் எந்தத் தாழ்வாரத்துக்கும் கட்டுப்படாமல் அதன் கீழாகப் புகுந்து வருவான். அந்த மேற்குச் சுவரில்தான், வீதி அந்தப் பக்கம் இருக்கிறதென்பதற்காக, எட்டடி அகலத்துக்குக் கண்ணாடி போடுகிறோம். கண்ணாடி வெயிலை உள்ளே விடும். உள்ளே சூடேறிய சுவரும் தரையும் திருப்பி வெளிவிடும் வெப்பத்தை வெளியே போகவிடாது. குளிர்நாடுகளில் தக்காளிச் செடியைக் கண்ணாடிக் குடிலில் வளர்ப்பது இந்தக் குணத்தை நம்பித்தான். நாம் அதற்குள் பெற்றோரைப் படுக்க வைக்கிறோம்.

பிறகு குளிரூட்டி வருகிறது. குளிரூட்டி வந்தபின் திறக்கத் தேவையில்லையென்று யன்னல் நிரந்தரமாகப் பூட்டப்படுகிறது. சுவரின் உச்சியில் விடப்படும் காற்றுத்துளைகளும் அழகு கெடுமென்று அடைபடுகின்றன. மின்சாரம் இருக்கும்வரை எல்லாம் சரி. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலானபோது, இந்தப் புதுமாதிரி அறைகளில் இருந்தவர்கள் பாயை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தார்கள். விறாந்தையும் இல்லாத வீடுகளில் முற்றத்துக்கு வந்தார்கள். 1990க்குப் பின் ஆண்டுக்கணக்காக மின்சாரமே இல்லாமல் வாழ்ந்த சமூகம் இது. மண்ணெண்ணெய் விளக்கோடு படித்த தலைமுறை, மின்விசிறி நின்றால் மூச்சு முட்டுகின்ற அறையை ஏன் விரும்பிக் கட்டுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

ஒரு காரணம் ஓரளவு விளங்குகிறது. வரைபடங்கள் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வருகின்றன. பணம் அனுப்புகிறவர் தாம் வாழ்கின்ற வீட்டின் சாயலில் ஊர்வீடும் இருக்கவேண்டுமென்று ஆசைப்படுவதில் பிழை காண்பதற்கில்லை. ஆனால் அங்கே போடுவது இரட்டைக் கண்ணாடி. இடையிலே அடைபட்ட வாயு. வீட்டின் வெப்பத்தை வெளியே விடாமற் காப்பதற்கான ஏற்பாடு. இங்கே நாம் போடுவது அதன் தோற்றத்தை மாத்திரம் பின்பற்றிய ஒற்றைக் கண்ணாடி. பனிநாட்டின் யன்னலுமில்லை, பனைநாட்டின் யன்னலுமில்லை.

எங்கள் முன்னோர் மேதைகள், பழையதெல்லாம் பொன் என்ற பாட்டைப் பாட நான் வரவில்லை. பழைய கல்வீடுகளின் அறைகள் பல இருட்டறைகள் என்பதை அவற்றில் வளர்ந்தவர்கள் அறிவர். ஆயினும் நாற்சார வீட்டின் நடுமுற்றம் வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளிருந்தே கொடுத்தது. கொழும்பில் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் ஈனா டி சில்வாவுக்குக் கட்டிக்கொடுத்த வீடும் இப்படி உள்முற்றத்தை நோக்கித் திரும்பியதுதான். உலகம் அதைப் படித்துப் பாராட்டுகிறது. நாமோ நமது முற்றத்துக்கு மேலே கொன்கிறீட் தட்டுப் போட்டு மூடிவிட்டு, இருட்டாக இருக்கிறதென்று பகலில் மின்குமிழ் எரிக்கிறோம்.

மரத்துக்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களை நான் மறுக்கவில்லை. தேக்கின் விலை சாதாரண மனிதர் நினைத்துப் பார்க்கக்கூடியதல்ல. வன்னியிலிருந்து மரம் கொண்டுவர அனுமதிப்பத்திரம் வேண்டும். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்த வளவில் நின்றாலும் அனுமதியின்றித் தறிப்பதற்கு 1951ஆம் ஆண்டின் சட்டம் இடந்தராது; தரவும் கூடாது. காயாத மரத்தில் செய்த கதவு மாரியில் உப்பி இறுகும், கோடையில் சுருங்கி இடைவெளி காட்டும். கறையானைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அலுமினியத்துக்கு இந்தக் குறைகள் இல்லை. அலுமினியச் சட்டத்திலேயே வெளிப்புறமாகத் திறக்கும் சிறகுகளைச் செய்யலாம். சரிந்த தகடுகள் அடுக்கிய லூவர் வகையையும் செய்யலாம். அவற்றைக் கேட்டால், “அது இப்ப ஒருவரும் போடுறதில்லை, ஐயா” என்ற பதில் வருகிறது. நகரும் வகையை வெட்டிப் பொருத்துவது இலகு. வேலையாளின் நேரம் மிச்சம். கடைக்காரருக்கு இலகுவானது காலத்தின் நாகரிகமாகிவிட்டது. எனது சண்டை உலோகத்தோடு அல்ல, இந்தச் சோம்பலோடு.

விலைப்பட்டியல் என்ற பெயரில் கொடுக்கப்படும் துண்டுக் கடதாசியைப் பற்றியும் சொல்லவேண்டும். எனக்குக் கிடைத்தவற்றுள் ஒன்றில் மொத்தத் தொகையும் முற்பண வீதமும் மட்டுமே இருந்தன. கண்ணாடியின் தடிப்பு எத்தனை மில்லிமீற்றர், சாதாரணக் கண்ணாடியா உடைந்தால் சிறு மணிகளாக உதிரும் பதப்படுத்திய கண்ணாடியா, சட்டத்தின் தகடு என்ன கனம், நுளம்பு வலை இதற்குள் அடங்குமா, பூட்டு யாருடையது, சுவருக்குப் பூச்சு வேலை முடியுமுன் அளப்பார்களா பின்னரா, எதற்கும் விடையில்லை. கடைசிக் கேள்வி அற்பமானதல்ல. பூச்சுக்கு முன் அளந்தால் அரை அங்குலம் பொருந்தாமற்போகும். அந்த இடைவெளியைப் பசை பிதுக்கி அடைத்துவிட்டுப் போவார்கள். முதலாவது வாடைக்காற்று மழையில் சுவர் ஈரம் கசியும். நகரும் யன்னலின் அடித்தண்டவாளத்தில் நீர் வடிய வெளிப்புறமாகத் துளை வைக்கப்படாவிட்டால் அது ஒரு சிறிய தொட்டி; நிறைந்ததும் அறைக்குள் வழியும். 2008 நவம்பரில் நிஷா புயல் கொட்டிய மழையைக் கண்ட ஊரில் இதைக் கடைக்காரருக்கு நான் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டுக் கேட்டேன். என்னை ஒரு சந்தேகப்பிராணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். கேட்டால் கொடுக்கவேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதைச் சொல்கிறது. நம்மிடையே நம்பிக்கை என்பது பெரும்பாலும் எழுத்தில் தராமலிருப்பதற்கான நாகரிகமான பெயர்.

கண்ணாடியின் வகையை நான் வற்புறுத்திக் கேட்பதற்குக் காரணமுண்டு. 1996 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பில் மத்திய வங்கி தகர்க்கப்பட்டபோது, சுற்றியிருந்த உயர்ந்த கட்டடங்களின் கண்ணாடி சிதறிக் கண்ணிழந்தவர்கள் பலர். அது போர்க்காலம் என்பீர்கள். சமாதான காலத்திலும் குழந்தை ஓடிவந்து மோதும். முதியவர் இரவில் தடுமாறிச் சாய்வார். தரைவரை இறங்கும் கண்ணாடிக் கதவிலும் குளியலறைக் கதவிலும் சாதாரணக் கண்ணாடி போடுவது விலை குறைந்த குற்றம்.

இந்த அலட்சியம் தனிமனிதரோடு நிற்பதில்லை. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வடக்குக் கிழக்கில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, கட்டங்கட்டமாக, வழங்கப்பட்டது. குறைகள் இருந்தன, பலர் கடன்பட்டார்கள், யன்னலும் கதவும் கடைசியில் வருபவை என்பதால் பணம் முடிந்த இடத்தில் நிலையில் சாக்குத் தொங்கியதைக் கண்டிருக்கிறேன். எனினும் அந்த வீட்டின் வாசல் எந்தப் பக்கமென்று வீட்டுக்காரர் தீர்மானித்தார். ஊர் மேசனும் ஊர் ஓடாவியும் வேலை பெற்றார்கள். 2016இல் அறுபத்தைந்தாயிரம் உருக்குப் பொருத்து வீடுகள் என்று அரசாங்கம் கொண்டுவந்த யோசனையில் இவை எவையுமில்லை. அந்த வீட்டின் வெப்பம், காற்றோட்டம், அத்திவாரம், செலவு ஆகியவற்றைப் பொறியியலாளர்களும் மக்கள் பிரதிநிதிகளும் கேள்விக்குட்படுத்தினார்கள். யோசனை கைகூடவில்லை. அன்று நாம் எதிர்த்த பெட்டியை இன்று நம் செலவில், நம் விருப்பப்படி, நம் வளவில் கட்டிக்கொள்கிறோம் என்பதே எனக்கு ஆற்றாமை.

பெயர்த்தெடுக்கப்பட்ட நிலைகளின் நினைவும் இந்த ஆற்றாமையோடு சேர்ந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் வெளியேறியது. திரும்பி வந்தவர்களுள் எத்தனையோ பேருக்குச் சுவர்கள் இருந்தன. கதவில்லை, யன்னலில்லை, நிலையுமில்லை. வைரமேறிய வேம்பும் முதிரையும் எங்கோ விறகாகவோ வேறொருவர் வாசலாகவோ போயின. அவற்றைச் செய்த கைகளும் பின்னர் குறைந்துகொண்டே வந்தன. ஓடாவியின் மகன் இன்று அலுமினியம் வெட்டுகிறான். அல்லது கடல்கடந்து போய்விட்டான். வேலை கொடுப்பவர் இல்லாத தொழிலை அவன் ஏன் பயில வேண்டும்?

நான் கொடுத்த கட்டளை இதுதான். மேற்குச் சுவரில் யன்னல் இல்லை. உச்சியில் காற்றுத்துளைகள் மாத்திரம். தெற்கில் மூன்று, வடக்கில் மூன்று, நேருக்கு நேர், அனைத்தும் வெளிப்புறமாகத் திறக்கும் சிறகுகள். நிலைகளும் கதவுகளும் நன்றாகக் காய்ந்த வேம்பில். குளியலறைக்கு மட்டும் அலுமினியம். கம்பி உட்புறம், நுளம்பு வலை கழற்றிக் கழுவக்கூடிய தனிச் சட்டத்தில். இதை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்த ஓடாவியாருக்கு வயது அறுபதுக்கு மேல். உதவிக்கு ஒரேயொரு பொடியன். மூன்று மாதம் கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டில் பதினான்கு நாளில் முடிந்துவிட்டதென்று வீட்டில் ஒவ்வொரு நாளும் எனக்கு நினைவூட்டப்படுகிறது.