கடிகாரமும் குடும்பமும்

நமது நாட்டின் 1954ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வேலை நேரத்தை நாளொன்றுக்கு 8 மணித்தியாலங்கள், வாரத்திற்கு 45 மணித்தியாலங்கள் என வரையறுத்தது. ஆனால் வீட்டு வாசலுக்கும் வேலைத்தலத்திற்கும் இடையே கழியும் நேரம் அக்கணக்கில் இல்லை. நீர்கொழும்பிலிருந்து கொழும்புக்கு நாள்தோறும் புகையிரதத்தில் நின்றபடி சென்று திரும்பும் தந்தைக்குத் தம் பிள்ளைகளை விழித்திருக்கக் காண்பதே அரிதாகின்றது.

2022இல் எரிபொருள் நெருக்கடியின்போது அரச ஊழியர் பலர் வீட்டிலிருந்து பணிபுரிந்தனர். வேலை நேரத்தையும் இடத்தையும் தளர்த்த இயலும் என்பதை அன்று கண்டோம். ஆயினும் தாதியருக்கும், ஆடைத் தொழிற்சாலை ஊழியருக்கும், கொழுந்து பறிக்கும் தாய்க்கும் அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. நோயாளியின் படுக்கையையோ தேயிலைச் செடியையோ வீட்டுக்குக் கொண்டுவர முடியாதல்லவா?

அதற்காக அவர்களுக்கு வழியே இல்லை என்று கைவிடுதல் நீதியாகாது. கடமை அட்டவணையை முன்கூட்டியே அறிவிக்கலாம். ஊழியர் தமக்குள் முறை மாற்றிக்கொள்ள இடமளிக்கலாம். தொழிலாளரின் ஓய்வு முதலாளியின் தயவன்று, அது அவர்களுக்குரியது என்பதைத் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட சுற்றுமடலிலேயே வலியுறுத்தினார்.

நமது பங்கும் உண்டு. வீட்டில் எவருக்கு நேரம் வாய்த்துள்ளதோ, அவர் ஆணாயினும் பெண்ணாயினும் சமையலையும் பிள்ளைகளின் படிப்பையும் ஏற்கட்டும். இரவுக் கடமை முடித்து வருபவர் ஞாயிறு திருப்பலிக்கு வரவில்லை எனக் குறைகூறுமுன், அவர் வரக்கூடிய வேளையில் திருப்பலி உண்டா எனப் பங்குச் சமூகங்கள் சிந்திக்கட்டும்.