தோட்டப் பாதையில் சைக்கிள்: பையில் எதை வைப்பது?

கனடாவில் வாழும் வாசகர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். எட்டியாந்தோட்டையிலிருந்து தெரணியகலை, இரத்தினபுரி வழியாக இறக்குவானை வரை, தோட்டப் பாதைகளில் மலைச் சைக்கிளில் செல்ல எண்ணியுள்ளாராம். பையில் என்னென்ன வைப்பது என்பது அவருடைய கேள்வி. வேறு சிலருக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்கேயே பதில் எழுதுகிறேன்.

சப்ரகமுவவை நுவரெலியா என்று எண்ணிக் கம்பளி ஆடைகளைத் திணிக்க வேண்டாம். தாழ்ந்த குன்றுகளில் இறப்பர், மேலே தேயிலை. எங்கும் வெக்கையும் ஈரமுந்தான். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரையே ஓரளவு காய்ந்த காலம். ஆகவே மெல்லிய மழையங்கி, மாற்றுக் காலுறை, பொருள்களைச் சுற்றப் பொலித்தீன் பைகள் ஆகியவை முதலில். இரண்டு டியூப், ஒட்டுப் போடும் சாமான், கைப்பம்பு, செயின் இணைப்பு என்பன அடுத்து. சேறு படிந்த நீண்ட இறக்கங்களில் பிரேக் கட்டைகள் விரைவில் தேயும். மாற்றுச் சோடி ஒன்று அவசியம்.

அட்டைக்கு உப்புப் பொட்டலமோ சவர்க்காரமோ போதும். கடிவாயில் இரத்தம் எளிதில் உறையாது. துணி வைத்து அழுத்திக் கட்டுங்கள். அட்டையைவிட அஞ்ச வேண்டியது எலிக்காய்ச்சல். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் அது அதிகம். காயங்களை மூடியே சேற்று நீரில் இறங்குங்கள். பின்னர் காய்ச்சல் கண்டால், சேற்றில் இறங்கியதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். குடிநீரோடு நாலைந்து ஜீவனிப் பக்கற்றுகளும் இருக்கட்டும். 1990 என்ற இலவச அம்புலன்ஸ் எண்ணையும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் தாளில் எழுதி வையுங்கள். பள்ளங்களில் தொலைபேசியை நம்ப முடியாது. மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தபோது, இறந்தோரும் காணாமற்போனோருமாக நூற்றுக்கு மேற்பட்டோரை இழந்தோம்.

இவ்வளவும் வசதிக்கும் பாதுகாப்புக்கும். என் அபிப்பிராயத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பையின் சுமையைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் கிடைக்கும் என்பது உண்மைதான். லயத்து வாசலில் களைத்து நின்றால் தேத்தண்ணீர் வரும், ரொட்டியும் சம்பலும் வரும். பணம் நீட்டினால் அவர்கள் முகம் சுருங்கும். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. நாம் மிதித்துச் செல்லும் சைக்கிளின் விலையோ அங்கே பல மாத உழைப்பு. அந்த வீட்டு மாவில் நமது பசியையும் சேர்த்துவிடுவது நியாயமா?

எனவே உணவை முழுமையாக எடுத்துச் செல்லுங்கள். சில்லறை நோட்டுகளும் வேண்டும். தோட்டத்துக் கடையில் வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கினால் நாலு காசு அங்கேயே தங்கும். தோட்டத்துக் கந்தோரில் அனுமதி கேளுங்கள். கொழுந்து பறிப்பவர்களைப் படமெடுக்கும் முன் அவர்களிடமும் கேளுங்கள். படங்கு கட்டி மலையேறுவது அவர்களுக்கு வேலை, வேடிக்கையன்று. கிழிந்த டியூப், வெற்றுப் போத்தல் அனைத்தும் உங்களுடனேயே திரும்பட்டும். லயங்களுக்குக் குப்பை வண்டி வருவது அரிது.

அதன்பின் யாரேனும் வலிந்து அழைத்துத் தேத்தண்ணீர் தந்தால் மறுக்காதீர்கள். உட்கார்ந்து குடித்து, நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.