விதைநெல்லும் மாதிரிப்படமும்

தான் செய்த ஒரு பொருளை ஒருவர் பிறருக்குக் காட்டுவது எதற்காக? பாராட்டுப் பெறுவதற்காகவா? அல்லது பார்த்தவரும் அதைச் செய்துகொள்ள வேண்டும் என்பதற்காகவா? இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் முதலாவது கண்காட்சி; இரண்டாவதுதான் பகிர்வு. இந்த வித்தியாசத்தை எனக்குக் கற்றுத் தந்தவர் பெரிய அறிஞர் ஒருவர் அல்லர். அவர் ஓய்வுபெற்ற ஒரு பஸ் சாரதி.

சில ஆண்டுகளுக்கு முன் படிப்பின் நிமித்தம் இங்கிலாந்தில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அங்கே ஒரு கிராம மண்டபத்தில், மரவேலையைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் மாதம் ஒருமுறை கூடுவார்கள். ஒரு சனிக்கிழமை நானும் போனேன். நீண்ட மேசைகளில் அவரவர் செய்த பொருட்கள் வைக்கப்பட்டிருந்தன. பூவேலை செய்த பெட்டி மூடிகள், மணிக்கூடு வைக்கும் சட்டங்கள், சிறுவர்கள் பொருத்தி விளையாடும் மர விலங்குகள். செய்தவர்களில் எவரும் தச்சுத் தொழிலால் பிழைப்பவர் அல்லர்.

அந்தச் சாரதி ஒரு மணிக்கூட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தார். கொடியும் இலையுமாக மிக நுணுக்கமான வேலை. நான் அதைப் புகழத் தொடங்கினேன். அவரோ அதைத் திருப்பி, பின்புறத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். கொடியின் காம்பு ஒன்று முறிந்து, பசை வைத்து ஒட்டப்பட்டிருந்தது. "மரத்தின் நார் ஓடும் பக்கத்துக்குக் குறுக்கே இந்தக் காம்பை வைத்துவிட்டேன். அதனால்தான் முறிந்தது. நீங்கள் செய்யும்போது படத்தைக் கொஞ்சம் திருப்பி ஒட்டுங்கள்" என்றார். பிறகு அந்த மாதிரிப்படத்தின் பிரதி ஒன்றை என் கையில் தந்தார். "இப்படி எல்லாருக்கும் கொடுத்தால், எல்லாரும் இதையே செய்துவிடுவார்களே?" என்று கேட்டேன். "அதற்காகத்தானே கொண்டுவந்தேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர்கள் பாவிக்கும் கருவியை ஆங்கிலத்தில் 'ஸ்குறோல் சோ' என்பார்கள். செய்யும் வேலையை வைத்து நாம் அதைப் பூவேலை வாள் என்று அழைக்கலாம். அதன் அலகு ஏறக்குறைய ஐந்து அங்குல நீளம். அகலம் ஒரு மில்லிமீற்றர் அளவுதான். அலகு நின்ற இடத்திலேயே மேலும் கீழுமாக ஓடும். பலகையைத்தான் நாம் இரு கைகளாலும் மெல்லத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பூவின் உட்பகுதியை வெட்டி எடுப்பதற்கு, முதலில் அங்கே ஒரு சிறு துளை இடுவார்கள். அலகின் ஒரு நுனியைக் கழற்றி, துளைக்குள்ளால் கோத்து, மீண்டும் இறுக்கிவிட்டு வெட்டுவார்கள். நூறு துளை உள்ள வேலையென்றால் நூறு தடவை கழற்றிப் பூட்ட வேண்டும். உள்வெட்டுக்கள் எல்லாம் முடிந்த பின்னர்தான் வெளிக்கோடு. வெளிக்கோட்டை முந்தி வெட்டிவிட்டால் பலகையைப் பிடிப்பதற்கு இடமில்லாமல் போகும். அவசரப்பட்டுத் தள்ளினால் அலகு வளைந்து வெட்டுச் சரியும்; இல்லாவிட்டால் அலகே அறுந்துவிடும்.

இப்படிப்பட்ட வேலையில், முடிந்த பொருளை மட்டும் பார்ப்பவருக்கு என்ன விளங்கும்? "இது என்னால் ஆகாது" என்பது மட்டுமே விளங்கும். எந்த மரம், எந்த அலகு, எங்கிருந்து தொடங்கினார், எங்கே பிழை விட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பார்த்தவர் வீட்டுக்குப் போய் ஒரு துண்டுப் பலகையைத் தேடுவார். என் கருத்து இதுதான்: செய்த பொருளோடு செய்த வழியையும் கொடுக்காத வரையில் அது பகிர்வு ஆகாது.

மாதிரிப்படத்தைப் பரப்பும் பழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதல்ல. இங்கிலாந்தின் நோர்போக் பகுதியில் டீரம் என்றொரு சிறுநகர் உண்டு. அங்கே 'ஹொபீஸ்' என்ற நிறுவனம் 1895 இல் ஒரு வாரச் சஞ்சிகையைத் தொடங்கியது. பூவேலை வெட்டுவதற்கான மாதிரிப்படத் தாள்களை அது வாசகர்களுக்குச் சஞ்சிகையோடு சேர்த்துக் கொடுத்தது. மின்சாரம் இல்லாத வீடுகளில், தையல் இயந்திரத்தைப்போலக் காலால் மிதித்து ஓட்டும் வாள்களில் மக்கள் அவற்றை வெட்டினார்கள். அந்த நிறுவனம் தருமத்துக்காக இதைச் செய்யவில்லை. வாளும் அலகும் பலகையும் விற்பதே அதன் வியாபாரம். படம் பரவினால்தான் வாள் விற்கும் என்பது அதன் கணக்கு. இலாபத்தை நோக்கிய ஒரு வியாபாரிக்குக்கூட, ஒளித்து வைப்பதைவிடக் கொடுப்பதே நன்மை என்று விளங்கியிருக்கிறது!

இந்த வாள் வறுமைக் காலத்திலும் மனிதருக்குத் துணை நின்றிருக்கிறது. படத்தைப் பலகையில் ஒட்டித் துண்டு துண்டாக வெட்டி, மீண்டும் பொருத்தும் புதிர்களை நீங்கள் அறிவீர்கள். 1760களில் லண்டனில் ஜோன் ஸ்பில்ஸ்பரி என்பவர் தேசப்படத்தைப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லை வழியே வெட்டி விற்றார். பிள்ளைகள் பூமிசாத்திரம் படிப்பதற்காகச் செய்யப்பட்டது அது. ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே வேலை அமெரிக்காவில் வேலையற்றோரின் கைக்கு வந்தது. 1929 இல் அங்கே பங்குச் சந்தை வீழ்ந்தது. 1933 அளவில் அந்நாட்டுத் தொழிலாளரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. அப்போது வேலையிழந்த தச்சர்களும் கட்டட வரைஞர்களும் பிறரும் வீட்டிலிருந்தபடியே புதிர்களை வெட்டினார்கள். கொஞ்சத்தை விற்றார்கள். வாங்க வசதியில்லாதவர்களுக்குக் கடைகளும் நூலகங்களும் அவற்றை வாடகைக்குக் கொடுத்தன. பிராங் வேர், ஜோன் ஹென்றிக்ஸ் என்னும் இரு இளைஞர்கள் வேலை கிடைக்கும் வழி தெரியாத நிலையில், 1932 இல் தங்கள் முதலாவது புதிரைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வெட்டினார்கள். 'பார்' என்ற பெயரில் அவர்கள் செய்த புதிர்கள் பின்னர் செல்வந்தர்களும் தேடி வாங்கும் பொருளாகின.

ஆனால் உண்மை முழுவதையும் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. கடதாசி மட்டையை அச்சால் அழுத்தி, ஒரே அடியில் நூற்றுக்கணக்கான துண்டுகளாக்கும் முறை வந்தது. 1932 இன் பிற்பகுதியில் கிழமைக்கு ஒரு புதிய புதிர், விலை 25 அமெரிக்கச் சதம் என்று கடைகளில் தொங்கின. 1933 இன் தொடக்கத்தில் இவ்வாறான புதிர்கள் கிழமைக்கு ஒரு கோடி வரை விற்றனவாம். ஒவ்வொரு துண்டாகக் கையால் வெட்டுபவர் இந்த விலையோடு எப்படிப் போட்டியிடுவது?

எனவே, "ஒரு வாளும் ஒரு பலகையும் இருந்தால் அடுப்பு எரியும்" என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லி வருபவர்களை நம்பிக் கடன் எடுக்கவும் வேண்டாம். சந்தை வரும், போகும். அந்த அமெரிக்கத் தச்சர்களுக்கு வாள் கொடுத்தது சிறிது வருமானத்தையும், கை சும்மா இருக்கவில்லை என்ற நிம்மதியையும்தான். வேலையற்ற கைகளின் பாரம் எவ்வளவு என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதே வேளை, மட்டைப் புதிர்கள் வந்த பின்னும் மரத்தில் வெட்டும் கலை அழியவில்லை. விலைக்காக மட்டும் வெட்டியவர்கள் வாளைக் கீழே வைத்திருப்பார்கள். விருப்பத்துக்காக வெட்டியவர்கள் வைக்கவில்லை. தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லியும் கொடுத்தார்கள். நான் போன அந்தக் கிராம மண்டபம் அதற்கு ஒரு சிறு சாட்சி.

இதற்கு எதிராகச் சிலர் இரண்டு கருத்துக்களைச் சொல்லக்கூடும்.

முதலாவது, "தொழில் இரகசியத்தைச் சொன்னால் நம் பிழைப்புப் போய்விடும்" என்பது. இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஒருவர் பல நாள் இருந்து வரைந்த மாதிரிப்படத்தை இன்னொருவர் தன் பெயரைப் போட்டு விற்றால் அது களவுதான். இந்தப் பொழுதுபோக்காளரிடையே இதற்கு நல்ல வழக்கம் ஒன்று இருக்கிறது. வேறொருவரின் படத்தைப் பார்த்துச் செய்த பொருளைக் காட்டும்போது, வரைந்தவரின் பெயரையும் சொல்லிவிடுவார்கள். விற்பனைக்கான படமாக இருந்தால் அதைப் பிரதி எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். தன்னுடையதைக் கொடுப்பதற்கு மனம் வேண்டும். பிறருடையதைக் கொடுப்பதற்கு அனுமதி வேண்டும். இந்த ஒழுங்கு இருக்குமிடத்தில் பகிர்வு யாருடைய பிழைப்பையும் கெடுக்காது. மேலும், படம் ஒன்றாக இருந்தாலும் கை வேறு. ஒரே மாதிரிப்படத்தைப் பத்துப் பேர் வெட்டினால் பத்து விதமாக வரும். இரகசியம் காப்பதால் வரும் நட்டமோ பெரிது. கைமருந்தை யாருக்கும் சொல்லாமலே கண்ணை மூடிய பரியாரிமாரைப் பற்றி நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அவர்களோடு மருந்தும் போயிற்று.

இரண்டாவது, "இது வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு, எங்களுக்கு எதற்கு?" என்பது. மின்னில் ஓடும் வாள் விலை கூடியதுதான். ஆனால் இந்த வேலை அதனோடு தொடங்கியதல்ல. வளைந்த இரும்புச் சட்டத்தில் மெல்லிய அலகு பூட்டிய கைவாள் ஒன்றும், மேசை விளிம்பில் பொருத்திய, நுனியில் கவர் வெட்டிய பலகைத் துண்டும் போதும். பெட்டி உடைத்த ஒட்டுப்பலகையில் பழகலாம். ஒட்டுப்பலகையில் ஒரு நன்மையும் உண்டு. அதன் அடுக்குகளில் நார் மாறி மாறி ஓடுவதால், மெல்லிய காம்பு இலகுவில் முறியாது. பலகைத் தூள் நெஞ்சுக்குக் கூடாது என்பதால் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு வேலை செய்வது நல்லது.

அவர்களிடம் நான் கண்ட இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். மூன்று நான்கு மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டி, மேலே படத்தை வைத்து, எல்லாவற்றையும் ஒரே தடவையில் வெட்டுவார்கள். ஒரு வேலைக்கு நான்கு பொருள். ஒன்று வீட்டுக்கு, மற்றவை பேரப்பிள்ளைக்கு, அயல் வீட்டுக்கு, சுகமில்லாத பிள்ளை ஒன்றுக்கு. வெட்டத் தொடங்கும்போதே கொடுப்பதற்கும் சேர்த்து அடுக்கிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆகவே, உங்களில் ஒருவர் எந்தக் கைவேலையையாவது பிறருக்குக் காட்டும்போது நான்கு விடயங்களைச் சேர்த்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். மரவேலை மட்டுமல்ல, பாய், கடகம், தையல், எதுவானாலும் இது பொருந்தும். அது எதனால் செய்யப்பட்டது? எந்த ஒழுங்கில் செய்யப்பட்டது? எங்கே பிழைத்தது? யாரிடமிருந்து கற்றது? இவற்றில் மூன்றாவதைத்தான் நாம் அதிகம் மறைக்கிறோம். ஆனால் கற்பவருக்கு அதுவே மிகவும் பயன்படுகிறது. முறிந்த காம்பைக் காட்டிய அந்தச் சாரதியை நான் இன்னும் மறக்கவில்லை. முறியாத காம்புகளைக் காட்டிய மற்றவர்களின் முகம் எனக்கு நினைவில்லை.

இடம்பெயர்ந்து வருபவர் வயலைச் சுமந்துகொண்டு வர முடியாது. கைத்தொழில் கூடவே வரும். ஆனால் அதுவும் ஒருவரின் கையோடு மட்டும் நின்றுவிட்டால் அவரோடு முடிந்துபோகும். விதைநெல் கேட்டு வந்த அயலவருக்கு இல்லை என்று சொல்லும் கமக்காரரை ஊர் மதிப்பதில்லை. இத்தனைக்கும் விதைநெல்லைக் கொடுத்தால் நம் மூட்டையில் ஒரு கொத்தாவது குறையும். மாதிரிப்படத்தைக் கொடுத்தால் அதுகூடக் குறைவதில்லை. பிறகு ஏன் தயங்க வேண்டும்?