சோதித்துப் பார்த்தால் கைமருந்தின் மதிப்புக் குறையுமா?

டிசம்பர் மழையும் குளிரும் தொடங்கினால் ஹாலிஎலயில் எங்கள் வீட்டில் முடக்கொத்தான் கஞ்சி தவறாது. உம்மும்மாவுக்கு முடக்குவாதம். காலையில் விரல்களை மடக்க முடியாது. தொழுவதற்கு நாற்காலி வேண்டும். வேலியில் படர்ந்த கொடியைப் பறித்து, இலையை இடித்துச் சாறு பிழிந்து, அரிசிக் கஞ்சியில் கலந்து உம்மா கொடுப்பார். சிங்கள அயலவர்கள் அதே இலையை ‘வெல்பெனல’ என்கிறார்கள். முடக்கை அறுப்பதால் ‘முடக்கறுத்தான்’ என்ற பெயரும் அதற்கு உண்டு.

கடந்த ஆண்டு, “கஞ்சியே போதும்” என்று உம்மும்மா கிளினிக் மாத்திரைகளை நிறுத்திவிட்டார். சில வாரங்கள் நன்றாகவே இருந்தார். பிறகு வீக்கம் திரும்பி வந்தது. இரண்டு விரல்கள் வளைந்துவிட்டன. அவை இனி நிமிராது என்றார் வைத்தியர்.

“அப்படியென்றால் முடக்கொத்தான் பொய்யா?” என்று தங்கை கேட்டாள். பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. 2009 இல் திருவனந்தபுரம் ராஜீவ்காந்தி உயிர்த்தொழில்நுட்ப மைய ஆய்வாளர்கள், இதன் சாறு எலியின் கலங்களில் அழற்சிப் பொருட்களைக் குறைப்பதாக எழுதினார்கள். ஆனால் கண்ணாடிப் பாத்திரத்தில் வளரும் கலம் வேறு, உம்மும்மாவின் கை வேறு.

முடக்குவாதம் தானாகவே கூடும், தானாகவே குறையும். குறையும் நேரத்தில் எதைக் குடித்தோமோ அதற்கே புகழ் போய்ச் சேரும். அதனால்தான் நோயாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மருந்தும் மற்றவர்களுக்கு அதைப்போன்ற போலி மருந்தும் கொடுத்து ஒப்பிடுகிறார்கள். யாருக்கு எது என்பது நோயாளருக்கும் தெரியாது, அவரைப் பரிசோதிப்பவருக்கும் தெரியாது.

இது நாட்டு வைத்தியத்துக்கு ஒத்துவராது என்பார்கள். கோயம்புத்தூரில் செய்தே காட்டினார்கள். முடக்குவாத நோயாளர் 43 பேர், மூன்று குழுக்கள், 36 வாரங்கள். ஒரு குழுவுக்கு ஆயுர்வேதம், ஒன்றுக்கு மெதோட்ரெக்சேட், மற்றதற்கு இரண்டும். ஆயுர்வேத வைத்தியர் ஒவ்வொருவரின் உடல்வாகையும் பார்த்தே மருந்து எழுதினார். 2011 இல் வெளியான முடிவில் மூன்று குழுக்களிலும் பலன் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் 43 பேர் போதாது, பெரிய ஆய்வு வேண்டும் என்பதை ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள்.

சோதனை நன்மையை மட்டுமல்ல, தீமையையும் காட்டும். சீனாவில் மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் ‘லெய் கொங் தெங்’ என்ற கொடி உண்மையிலேயே வேலை செய்வதாக ஆய்வுகள் சொல்லின. அதே கொடி பெண்களின் மாதவிடாயையும் ஆண்களின் விந்தணுக்களையும் பாதிக்கும் என்பதும் தெரியவந்தது. மூலிகை என்பதாலேயே பக்கவிளைவு இராது என்று நம்பலாமா?

சோதிப்பது முன்னோரை அவமதிப்பது அல்ல. அவர்கள் தந்ததைப் பெறுமதியானது என்று எண்ணுபவர்தான் அதை உரைத்துப் பார்ப்பார். பொன்னைத்தான் உரைகல்லில் உரைக்கிறோம். கூழாங்கல்லை யாரும் உரைப்பதில்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். கஞ்சி குடியுங்கள், ஆனால் வைத்தியரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். என்ன மூலிகை எடுக்கிறீர்கள் என்பதை கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்துதான் பல பெண்கள் சொல்வதில்லை.

தோழிகளே, உங்கள் வீட்டு மூத்தோரிடம் கேட்டு எழுதி வையுங்கள்: எந்த இலை, எவ்வளவு, எத்தனை நாள், யாருக்குக் கொடுக்கக்கூடாது. நாவின்னையில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் நம்மில் ஒருத்தி ஒருநாள் அந்தக் குறிப்போடு அங்கே போகலாம்.

உம்மும்மா இப்போது மாத்திரையும் எடுக்கிறார், கஞ்சியும் குடிக்கிறார். இரண்டையும் வைத்தியர் அறிவார். வளைந்த அந்த இரண்டு விரல்களைப் பார்க்கும்போதெல்லாம், நாங்கள் இதை ஒரு வருடம் முன்பே அறிந்திருக்கக்கூடாதா என்றுதான் தோன்றுகிறது.