ஊசி இறங்கினால் எண்ணெய் மிச்சமா?

கிள்ளானில் டிரெய்லர் ஓட்டுபவரைக் கேளுங்கள். பிரிக்பீல்ட்ஸில் பழைய மெர்சிடிஸைக் கட்டி மேய்ப்பவரைக் கேளுங்கள். காப்பார் சாலைப் பக்கம் ஹாஃப்-கட் (பாதியாக வெட்டி இறக்கிய பழைய கார்) விற்பவரையும் கேளுங்கள். மற்ற எதிலும் ஒத்துப்போகாத இந்த மூவரும் ஒன்றை மட்டும் ஒரே குரலில் சொல்வார்கள்: மீட்டரில் சுற்று ஊசி எவ்வளவு கீழே நிற்கிறதோ, அவ்வளவு எண்ணெய் மிச்சம். ஆகவே ஓவர்டிரைவ் உள்ள கியர்பெட்டி நல்லது, இல்லாதது பழசு. இன்ஜின் பெரிதாக இருந்தால் கேட்கவே வேண்டாம், அதற்கு ஓவர்டிரைவ்தான் மருந்து.

2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்கு ஒரே நாளில் தாவிய பிறகு இந்த நம்பிக்கைக்கு மவுசு இன்னும் கூடியது. மானிய அட்டை கிடைத்த லோரிகள் தப்பித்தன. கிடைக்காதவர்கள் மிச்சம் பிடிக்க வழி தேடினார்கள். அப்படித் தேடுகிறவரிடம் எதையும் விற்கலாம்.

இந்த நம்பிக்கை முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. முழுப் பொய்யாக இருந்தால் பட்டறைக்காரர்களே என்றைக்கோ சிரித்து விரட்டியிருப்பார்கள். சமதரையில், லேசான பாரத்தில் அது உண்மை. அந்த இரண்டு நிபந்தனைகளையும் உதிர்த்துவிட்டு மிச்சத்தை வேதமாக்கியதுதான் கோளாறு.

சக்கரத்துக்குக் கியர்பெட்டி யாரென்றே தெரியாது. அதற்கு வந்து சேர்வது ஒரு பெருக்குத்தொகை மட்டும்: கியர் விகிதம், அதைப் பெருக்கும் ஆக்ஸில் விகிதம். கிள்ளான் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கும் வண்டிகளையே எடுத்துக்கொள்வோம். வோல்வோவின் 12 கியர் ஐ-ஷிஃப்ட் பெட்டியில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கடைசிக் கியர் 1.00, அதாவது நேர் கியர். மற்றதில் 0.78, அதாவது இன்ஜினைவிடத் தண்டு வேகமாகச் சுற்றும் ஓவர்டிரைவ். நம் விற்பனையாளர் இரண்டாவதைத்தான் தட்டிக்கொடுத்துப் பேசுவார். சரி, நேர் கியர் பெட்டிக்கு 2.64 ஆக்ஸிலும் ஓவர்டிரைவ் பெட்டிக்கு 3.36 ஆக்ஸிலும் பூட்டிக் கணக்குப் போடுங்கள். முதலாவது 2.64. இரண்டாவது 0.78-ஐ 3.36-ஆல் பெருக்க, 2.62. சாதாரண லோரி டயரில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு இரண்டும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,100 சுற்று. அடிக் கியரையும் பாருங்கள்: ஒன்று 14.94, மற்றது 11.73. ஆக்ஸிலோடு பெருக்கினால் இரண்டுமே 39.4. புறப்படும் இழுவையும் ஒன்றே, நெடுஞ்சாலைச் சுற்றும் ஒன்றே. ஓவர்டிரைவ் என்ற பெயருக்காகக் கூடுதல் காசு கொடுத்தவருக்குக் கிடைத்தது என்ன? நேர் கியரில் சக்தி பற்சக்கரங்களைச் சுற்றிப் போகாமல் நேராகத் தண்டு வழியே வெளியேறுகிறது. ஓவர்டிரைவில் பற்கள் வழியே சுற்றிவர வேண்டும், வழியில் கொஞ்சம் சூடாகிக் கரைகிறது. கொடுத்த காசுக்குக் கிடைத்தது அந்தச் சூடு.

இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடலாமே என்று நினைப்பவரும் உண்டு. 0.78 பெட்டி, 2.64 ஆக்ஸில், பெருக்கினால் 2.06. அதே 80-இல் ஊசி 860-க்கு இறங்கி நிற்கும். பார்க்க அழகுதான். ஆனால் இந்த வகுப்பைச் சேர்ந்த 13 லிட்டர் இன்ஜின் பலவற்றில் இழுவை முழுசாக எழுவது 1,000 சுற்றைத் தாண்டிய பிறகு. வெஸ்ட்போர்ட்டில் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு பூலாவ் இண்டா பாலத்தில் ஏறும்போது கியர் 11-க்கு இறங்கும், இறக்கத்தில் 12-க்கு ஏறும், அடுத்த மேம்பாலத்தில் மறுபடி இறங்கும். கூட்டரசு நெடுஞ்சாலையில் எத்தனை மேம்பாலம் என்று கிள்ளான்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 900 சுற்றிலேயே முழு இழுவை தரும் புது இன்ஜின்கள் வந்திருக்கின்றன, உண்மை. அவற்றை அதற்கேற்ற ஆக்ஸிலோடு ஒரே ஜோடியாக வடிவமைத்துத்தான் விற்கிறார்கள். பழைய இன்ஜினுக்குப் பின்னால் அந்த ஆக்ஸிலை மட்டும் கழற்றி மாட்டச் சொல்லி யாரும் விற்கவில்லை, நம்மூர்ப் பழைய உதிரிக் கடைகளைத் தவிர.

பெரிய இன்ஜினுக்கு ஓவர்டிரைவ் மருந்து என்ற பேச்சின் பூர்வீகம் அமெரிக்கா. அங்கே பெரிய இன்ஜின், அதாவது பிக்-பிளாக், என்பது செவ்ரோலே 454 போன்ற 7.4 லிட்டர் மலைகள். நம் ஊரில் அந்த மலையைப் பார்க்கவே முடியாததற்குச் சாலை வரியே போதும்: 1,500 சிசி தனியார் காடிக்கு ஆண்டுக்கு 90 ரிங்கிட், 7,440 சிசிக்கு அதே அட்டவணையில் 22,110 ரிங்கிட். 1973 எண்ணெய் நெருக்கடி அமெரிக்காவை உலுக்கியது. 1982-இல் ஜெனரல் மோட்டார்ஸ் 700ஆர்4 என்ற நான்கு கியர் ஆட்டோவைக் கொண்டுவந்தது. கடைசிக் கியர் 0.70. எல்லோரும் அந்த 0.70-ஐத்தான் மனப்பாடம் செய்துகொண்டார்கள். எனக்கோ அந்தப் பெட்டியின் சாமர்த்தியம் மறுமுனையில் இருப்பதாகத் தோன்றுகிறது. அதன் முதல் கியர் 3.06. அதற்கு முந்தைய மூன்று கியர் டர்போ 400-இல் அது 2.48. பழைய பெட்டியை 3.73 ஆக்ஸிலோடு பெருக்கினால் 9.25, புதியதை 3.08 ஆக்ஸிலோடு பெருக்கினால் 9.42. நின்ற இடத்திலிருந்து கிளம்பும் வேகம் குறையாமல் ஆக்ஸிலை நீட்டிக்கொள்ள (அதன் எண்ணைக் குறைத்துக்கொள்ள) இடம் கொடுத்தது அந்த முதல் கியர்தான்.

454-இன் முரட்டு இழுவைக்கு 700ஆர்4 தாங்காது. அதற்கென்று 1991-இல் வந்தது 4எல்80இ. முதல் கியர் பழையபடி 2.48, கடைசி 0.75. இதைப் பாரம் இழுக்கும் வண்டிகளில் வைத்தபோது நிறுவனமே 4.10 போன்ற குட்டை ஆக்ஸிலையும் சேர்த்துக் கொடுத்தது. 0.75-ஐ 4.10-ஆல் பெருக்கினால் 3.08 வருகிறது. ஊசியைத் தரைக்கு இறக்குவது அவர்கள் நோக்கமே அல்ல. டிரெய்லரோடு கிளம்ப வலுவான ஆக்ஸில் வேண்டும், அதே ஆக்ஸிலோடு நெடுஞ்சாலையில் இன்ஜின் அலறக்கூடாது. ஓவர்டிரைவ் அந்த அலறலை அடக்க வந்தது. பாதிக் கதையைக் கேட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றுகிறவர்கள் மீதிக் கதையைப் பட்டறையில் கேட்கிறார்கள்.

நம் பக்கத்தில் இந்தத் தவறு வேறு உருவத்தில் நடக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப்-கட்டிலிருந்து இன்ஜினும் பெட்டியும் எடுப்பார்கள், பின் ஆக்ஸில் மட்டும் பழையதே. ஹைலக்ஸுக்கு 31 அங்குல டயருக்குப் பதில் 33 அங்குலம் போடுவார்கள். அது ஆக்ஸில் விகிதத்தை 6 சதவீதம் நீட்டியதற்குச் சமம். கராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில் ஆட்டோ பெட்டி மூன்றுக்கும் நான்குக்கும் இடையே தத்தளிக்கும், கன்வெர்ட்டரின் லாக்-அப் பூட்டும் விடும், பெட்டி எண்ணெய் கருகும். அந்த நேரத்தில் ஓ.டி ஆஃப் பொத்தானை அமுக்கச் சொன்னால், "சுற்று ஏறுது பாஸ், எண்ணெய் குடிக்கும்" என்பார்கள். ஏற்றத்துக்குத் தேவையான சக்தி ஒன்றுதான். அதைக் குறைந்த சுற்றில் பிழிந்தெடுத்தால் பெட்ரோல் இன்ஜின் கலவையைக் கொழுக்க வைத்து, கன்வெர்ட்டர் வழுக்கலில் சூட்டையும் சேர்த்துத் தரும். ஆயிரம் சுற்று கூடியதற்குச் செலவாகும் எண்ணெயைப் பற்றிக் கவலைப்படுகிறவர், புதுப் பெட்டி என்ன விலை என்று ஒரு தடவை விசாரிக்கட்டும்.

இந்த மதத்தின் உச்ச பக்தர் இறக்கத்தில் நியூட்ரல் போடுகிறவர். ஊசி 800-க்கு இறங்கிவிட்டதே, மிச்சம்தானே! எண்ணெயைத் தெளிக்கும் இன்ஜெக்ஷன் இன்ஜினில், கியரில் வைத்துக் காலை எடுத்துவிட்டால் சக்கரமே இன்ஜினைச் சுழற்றும், கணினி எண்ணெய் தெளிப்பதை முற்றிலும் நிறுத்திவிடும். ஊசி 2,500-இல் நிற்கும், செலவு சுழியம். நியூட்ரலிலோ அந்த 800 சுற்றைக் காப்பாற்ற எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கூடவே இன்ஜின் பிரேக்கும் போய்விடுகிறது, கெந்திங் சாலையில்.

கியர்களை எண்ணிப் பார்க்கும் வியாதியும் இதன் உடன்பிறப்பு. 2019-இல் புரோட்டோன் சாகா தன் சிவிடியைக் கைவிட்டு ஹூண்டாயின் நான்கு கியர் ஆட்டோவுக்கு மாறியபோது எத்தனை கிண்டல்! பெட்டி எதனோடு ஜோடி சேர்க்கப்பட்டிருக்கிறது என்று கேட்டவர் குறைவு.

பழைய லோரியோ ஹைலக்ஸோ வாங்கப் போகிறவர் விற்பவரிடம் ஆக்ஸில் எண்ணைக் கேளுங்கள். தெரியாது என்றால் பெட்டியை நியூட்ரலில் வைத்து, வண்டி நகராதபடி மற்ற சக்கரங்களுக்கு முட்டு கொடுத்து, பின்பக்கம் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். பூட்டு இல்லாத சாதாரண டிஃபெரன்ஷியல் என்றால், தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றும்போது தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறதோ, அதுதான் ஆக்ஸில் விகிதம். தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எண்ணுவது சுலபம்.