கையெழுத்துப் போட்டுவிட்டால் கதை முடிந்ததா?



தோட்டத்துப் பள்ளியில் வேலை பார்ப்பவனுக்குப் பாடம் நடத்துவது மட்டுமா வேலை? மாலையில் வீட்டு வாசலில் யாராவது பிளாஸ்டிக் பையோடு நின்றால், "சார், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும். சென்ற ஆண்டு அப்படி ஒரு பையோடு வந்தவர்கள் ஓர் இளம் தம்பதி. கணவர் செம்பனைக் குலை வெட்டுபவர். மனைவி நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறவர்.

ஐந்து வருடமாகச் சேர்த்த பணத்தோடு சீட்டுப் பணத்தையும் போட்டு, டவுனில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் 13,500 வெள்ளிக்கு ஒரு சிறிய காடி வாங்கினார்கள். ரொக்கமாகவே கொடுத்தார்கள். கிழவி அம்மாவை மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும், பிள்ளைகளை மழை நாளில் நனையாமல் பள்ளிக்கு விடவும் வாங்கிய காடி. பத்தொன்பதாவது நாள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கியர் விழவில்லை. பாதி வழியில் நின்றுவிட்டது. அம்மாவை ஒரு லோரிக்காரர் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தார்.

பட்டறைக்காரர் கியர்பாக்ஸைத் திறந்து பார்த்து, "இது நேற்று வந்த கோளாறு இல்லை, பல மாதத்துப் பழசு" என்றார். செலவு 3,800 வெள்ளி. வியாபாரியிடம் போனால் அவர் சிரித்துக்கொண்டே ஒரு தாளை எடுத்து நீட்டினாராம். அதில் 'செபகைமானா அடா' என்று மலாயில் அச்சடித்திருந்தது. உள்ளது உள்ளபடி என்று அர்த்தம். அதன் கீழே தம்பியின் கையெழுத்து. "நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? இனி நான் என்ன செய்ய முடியும்?" என்று அனுப்பிவிட்டார்.

"சார், கையெழுத்துப் போட்டுட்டோம். இனி வழியில்லைதானே?" என்று அந்தப் பெண் கேட்டபோது அவள் குரலில் கோபம்கூட இல்லை. தப்பு தங்களுடையதே என்ற முடிவோடுதான் வந்திருந்தாள். வாசகர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நம்மில் எத்தனையோ பேர் ஒரு காகிதத்தைக் காட்டினால் போதும், வாய் மூடிக்கொள்கிறோம். அதற்காகவே இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கடையில் வாங்கும் சோப்பிலிருந்து காடி வரை, வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் பொருள்களுக்கு அது பொருந்தும். வாகனமும் அதில் அடக்கம் என்று சட்டமே சொல்கிறது. வியாபாரி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், அவர் சொன்ன வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. இந்த உத்தரவாதத்தை வியாபாரி வாயால் சொல்லத் தேவையில்லை, தாளில் எழுதித் தரவும் தேவையில்லை. விற்றாலே அது கூட வருகிறது.

அப்படியானால் அந்தக் கையெழுத்து? இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அந்தச் சட்டம் செல்லும். சட்டம் கொடுத்த உரிமையை ஒரு தாளை நீட்டி எழுதி வாங்கிவிட வியாபாரிக்கு அதிகாரம் இல்லை. அப்படி வாங்க முயல்வதே குற்றம் என்கிறது அதே சட்டம். 'உள்ளது உள்ளபடி' என்ற பொதுவான வாசகம் உங்கள் வாயைக் கட்டாது.

ஆனால் ஒன்று உண்டு. வாங்குமுன் வியாபாரி ஒரு குறிப்பிட்ட குறையைச் சுட்டிக் காட்டி, "கியர் தட்டும், ஏர்கான் வேலை செய்யாது, பார்த்து வாங்குங்கள்" என்று சொல்லியிருந்தால், அந்தக் குறைக்காகப் பிறகு சண்டை போட முடியாது. ஆகவே கையெழுத்துப் போடும் தாளில் குறைகளின் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். மொழி புரியாவிட்டால் வீட்டுக்குக் கொண்டுவந்து, படித்த பிள்ளையிடம் கொடுங்கள். "இப்பவே போடணும், இன்னொருத்தர் காத்திருக்கார்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் எனக்கு எப்போதும் சந்தேகம்தான்.

பழைய காடி புதுக் காடி ஆகாது என்பதும் உண்மை. தரத்தை அளக்கும்போது பொருளின் தன்மை, விலை எல்லாம் கணக்கில் வரும். நாலாயிரம் வெள்ளிக்கு வாங்கிய இருபது வயதுக் காடியில் டயர் தேய்ந்திருக்கிறது, பிரேக் கட்டை போயிருக்கிறது என்று புகார் செய்தால் யாரும் கேட்கமாட்டார்கள். பதின்மூன்றாயிரம் கொடுத்து மூன்று வாரம்கூட ஓடவில்லை என்றால் அது வேறு விஷயம். "புஸ்பாகோம் பாஸ் ஆன காடி" என்று வியாபாரி சொல்வதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெயர் மாற்றத்துக்கான அந்தச் சோதனை எஞ்சின் நம்பர், சாசி நம்பர் சரிதானா, சாலையில் ஓடத் தக்கதா என்று பார்க்கும். கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை நாள் வரும் என்று அது சொல்லாது. மீட்டரைப் பின்னுக்குத் திருப்பி விற்பதோ தனிக் குற்றம். 2011-ஆம் ஆண்டு வணிக வர்ணனைச் சட்டத்தின் கீழ் உள்நாட்டு வாணிப அமைச்சில் அதற்குப் புகார் செய்யலாம்.

எங்கள் தம்பி ஒரு காரியத்தைச் சரியாகச் செய்திருந்தார், தெரியாமலே! பட்டறையில் கணக்குத்தான் வாங்கினார், பழுது பார்க்கச் சொல்லவில்லை. கையில் பணம் இல்லை என்பதுதான் காரணம். ஆனால் அதுவே நல்லதாய்ப் போயிற்று. முதலில் விற்றவருக்கே சரிசெய்யும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும். அவர் மறுத்தாலோ, நியாயமான காலத்துக்குள் செய்து கொடுக்காவிட்டாலோ, வெளியே பழுது பார்த்து நியாயமான செலவை அவரிடம் கேட்கலாம், அல்லது காடியையே திருப்பிக் கொடுக்கலாம். திருப்பிக் கொடுப்பதென்றால் தாமதிக்கக் கூடாது. ஆறு மாதம் ஓட்டிவிட்டு வேண்டாம் என்றால் நடக்காது.

அன்று இரவே ஒரு கடிதம் எழுதினோம். வாங்கிய தேதி, விலை, நின்றுபோன தேதி, பட்டறைக்காரர் சொன்னது, பதினான்கு நாளுக்குள் சரிசெய்து தர வேண்டும் என்ற கோரிக்கை. இதற்குமேல் ஒரு வரி இல்லை. திட்டி எழுத வேண்டும் என்று தம்பிக்கு ஆசை, நான் விடவில்லை. பதிவுத் தபாலில் அனுப்பி, அதையே படம் பிடித்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பினோம். பதில் இல்லை.

அடுத்த படி பயனீட்டாளர் தீர்ப்பாயம். கோர்ட்டு என்றதும் லாயர், செலவு, அலைச்சல் என்று பயப்படுவோம் அல்லவா? இங்கே லாயருக்கு இடமே இல்லை, வியாபாரியும் லாயரைக் கூட்டிவர முடியாது. வழக்குப் பதியக் கட்டணம் 5 வெள்ளி. ஆரம்பத்தில் 10,000 வெள்ளி வரைதான் கோரலாம் என்றிருந்தது. 2019-இல் அந்த வரம்பு 50,000 வெள்ளியாக உயர்ந்தது. ஆகவே நம்மவர்கள் வாங்கும் பழைய காடிகள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். 'போராங் 1' என்ற பாரத்தை நிரப்பி, ரசீது நகல்களைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். விசாரணை நாளில் மட்டும் கட்டாயம் போங்கள். நீங்கள் போகாவிட்டால் வழக்கு தள்ளுபடியாகலாம். அவர் வராவிட்டால் உங்கள் பக்கம் மட்டும் கேட்டுத் தீர்ப்பு வரலாம்.

ரொக்கம் கொடுக்காமல் வங்கித் தவணையில் வாங்கியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "காடிதான் ஓடவில்லையே, நான் ஏன் தவணை கட்ட வேண்டும்?" என்று நிறுத்திவிடாதீர்கள். 1967-ஆம் ஆண்டு தவணைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் வங்கி 21 நாள் நோட்டீஸ் கொடுத்துக் காடியை இழுத்துக்கொண்டு போகலாம். பிறகு காடியும் இருக்காது, காட்டுவதற்கு ஆதாரமும் இருக்காது. பழைய காடி என்றும் தரத்துக்கு வங்கி பொறுப்பில்லை என்றும் ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் வரும். அதைப் படித்ததாக நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தால் வங்கி அதைக் காட்டித் தப்பிக்கலாம். தவணையை ஒரு பக்கம் கட்டிக்கொண்டே மறுபக்கம் வியாபாரியோடு வழக்காடுங்கள். கஷ்டம்தான், எனக்குத் தெரியும்.

தெரிந்தவர், பக்கத்துத் தோட்டத்து மச்சான், வேலைக்குப் போன இடத்தில் பழகியவர் என்று தனி ஆளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அந்தச் சட்டம் வியாபாரமாகச் செய்பவரைத்தான் கட்டுப்படுத்தும். தனி ஆள் தெரிந்தே பொய் சொல்லி விற்றார் என்று நிரூபித்தால் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் சாதாரணக் கோர்ட்டுக்குப் போகலாம், அவ்வளவே. ஆனால் ஜாக்கிரதை. "என் சொந்தக் காடி" என்று சொல்லிக்கொண்டு மாதம் மூன்று காடி விற்கிற புரோக்கர்களும் இருக்கிறார்கள். கிராண்டில் யார் பெயர் இருக்கிறது, பணத்தை யார் வாங்குகிறார், ரசீதில் யார் கையெழுத்து என்று குறித்து வையுங்கள்.

விசாரணை நாளில் நான் லீவு போட்டுக்கொண்டு உடன் போனேன். உள்ளே அவர்கள் இருவர் மட்டும்தான் போனார்கள். தம்பிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டதாம். அந்தப் பெண்தான் பையைத் திறந்து, தேதி வாரியாக அடுக்கிய தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பள்ளிக்கூட மலாயில் பேசினாளாம். "இந்தத் தாளில் கியர்பாக்ஸைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறது?" என்று தலைவர் வியாபாரியைக் கேட்டாராம். அவர் சொல்லப் பதில் இல்லை. இரு தரப்பும் பேசிச் சமரசத்துக்கு வந்தார்கள். பழுதுச் செலவில் 3,300 வெள்ளியை வியாபாரி கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். முழுப் பணம் கேட்டிருக்கலாம் என்று எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஆனால் காடி உடனே ஓட வேண்டும், அம்மாவுக்கு அடுத்த வாரம் ஆஸ்பத்திரி நாள் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். கணக்கு அவர்களுடையது.

சமரசம் தீர்ப்பாகவே பதிவானது. பதினான்கு நாளுக்குள் கொடுக்காவிட்டால் அது குற்றமாகும் என்பது வியாபாரிக்கும் தெரியும் போலும். பதிமூன்றாவது நாள் அவரே ஆள் அனுப்பிப் பணத்தைக் கொடுத்தார். அந்தப் பெண் எண்ணி வாங்கிக்கொண்டு, கேட்காமலே ரசீது எழுதிக் கொடுத்தாளாம். நகல் ஒன்று அந்தப் பிளாஸ்டிக் பையில் இருக்கிறது.